வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு அறை கொடுங்கள்

மதிப்பிற்குரிய விசைப்படகு மீனவர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். டீசல் மானியம், இலங்கைக்காரர்கள் பிடித்து அக்கரையில் நிறுத்தி வைத்திருக்கிற படகுகள் எல்லாம் பேசி முடித்து, "வேற ஏதாவது இருக்கா?" என்று செயலாளர் கேட்டபோது நான் எழுந்தேன். சங்கக் கட்டடத்தின் பின்பக்க அறையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கொடுத்தால் போதும், அரசு மருத்துவமனையிலிருந்து மனநல ஆலோசகர் ஒருவர் வந்து உட்காரத் தயாராக இருக்கிறார், கடலுக்குப் போகிற ஆண்கள் வந்து பேசலாம் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இவன ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். மேடையில் இருந்த நீங்களும் சிரித்தீர்கள். அதோடு கூட்டம் கலைந்தது. தீர்மானப் புத்தகத்தில் என் கோரிக்கை ஒரு வரிகூட ஏறவில்லை. அன்றைக்குப் பேச வராததை இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஏர்வாடி. நம் கரையில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் சிரிப்பு வருகிறது, எனக்கும் முன்பு வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் முன்னால் அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. கட்டிலோடும் தூணோடும் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம்மில் பலர் அப்போது வலை இழுத்துக்கொண்டிருந்த வயதுக்காரர்கள்தான், செய்தி கேட்டு அதிர்ந்தவர்கள்தான். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நாம் இன்னும் அந்தப் பெயரை வைத்து ஒருத்தன் வாயை அடைக்கிறோம்.

நான் அக்கரைச் சிறையில் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தவன். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். எனக்காகவும் என்னோடு இருந்த ஐந்து பேருக்காகவும் சங்கம் உண்ணாவிரதம் இருந்தது, கலெக்டர் ஆபீஸ் வரை போனது. அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும். நாங்கள் சென்னை விமான நிலையத்தில் இறங்கி, வேனில் ஊர் வந்து சேர்ந்தபோது மாலை போட்டீர்கள். தலைவர் அண்ணன் என்னைக் கட்டிப் பிடித்து, "ஆம்பளடா நீ, கலங்காம நின்னுட்ட" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு நான் கலங்கியதை யாரிடம் போய்ச் சொல்வது?

வந்த இரண்டாவது வாரம் அது நடந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ராத்திரி எட்டரை மணி இருக்கும், கரண்ட் போய்விட்டது. நான் திண்ணையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். என் மூத்த மகனுக்கு அப்போது பதினொரு வயது. தங்கையின் செருப்பைத் தேடுவதற்காக டார்ச் அடித்துக்கொண்டு வெளியே வந்தவன், என் பக்கம் திரும்பியிருக்கிறான். வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்தது. நடுக்கடலில் ரோந்துக் கப்பல் நம் படகு மேல் அடிக்கிற வெளிச்சம் உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நான் எழுந்ததும் கை ஓங்கியதும் எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது பையன் படியில் கிடந்தான். காதைப் பொத்திக்கொண்டிருந்தான். அழவில்லை. ஏன் அடித்தேன் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் அந்தக் காது சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கரண்ட் போனால் அவன் டார்ச்சைத் தொடுவதில்லை. மெழுகுவத்தியும் ஏற்றுவதில்லை. தங்கையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பான். வெளிச்சம் வந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பான். நாலு மாதம் இப்படி இருந்தான். ஏழு மாதச் சிறையைவிட அந்த நாலு மாதம் எனக்குக் கொடுமையாக இருந்தது.

நானும் நம் ஊர் ஆண்கள் செய்கிறதைத்தான் செய்தேன். குடித்தேன். படுத்தால் தூக்கம் வராது, குடித்தால் ரெண்டு மணி நேரம் வரும், அப்புறம் திடுக்கிட்டு எழுவேன். என்னவென்று மனைவி கேட்டால் கத்துவேன். கடைசியில் அவள்தான் மகளிர் குழுவில் யாரிடமோ விசாரித்து, என்னை பஸ் ஏற்றி ராமநாதபுரம் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டில் வயிற்று வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லச் சொன்னேன். அப்படித்தான் சொன்னாள்.

அங்கே இருந்த ஆலோசகர் எனக்கு ஒன்றை விளங்க வைத்தார். ஆபத்திலேயே கிடந்த உடம்பு, ஆபத்து போன பிறகும் காவலை இறக்காதாம். சின்னச் சத்தம், ஒரு வெளிச்சம், ஒரு வாசனை போதும், மறுபடி அதே இடத்துக்குப் போய்விடுமாம். இது பைத்தியம் இல்லை, கோழைத்தனமும் இல்லை, போருக்குப் போய் வந்தவர்களுக்கும் புயலில் தப்பியவர்களுக்கும் வருவதுதான் என்றார். ஆண்களுக்குப் பயமும் துக்கமும் பல நேரம் அழுகையாக வெளியே வராமல் கோபமாகவும் குடியாகவும் வரும் என்றும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் தப்பியவர் அவர். தம்பியையும் தம்பி குடும்பத்தையும் கடலுக்குக் கொடுத்தவர். வருஷா வருஷம் டிசம்பர் பிறந்தால் வீட்டில் யாரோடும் பேச மாட்டார், பாட்டியை அடிப்பார். "தாத்தாவுக்கு வாடைக்காத்து ஒத்துக்காது" என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். ஒத்துக்கொள்ளாதது வாடைக்காற்று இல்லை என்று எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகு தெரிகிறது. பாட்டி எத்தனை டிசம்பர் அடி வாங்கினாளோ, கணக்கு யாரிடமும் இல்லை.

நான் அடித்ததற்கு இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அடித்தது தப்பு. "காரணம் தெரிந்தால் அடுத்த தடவை கை ஓங்குவதற்கு முன்னால் பிடிக்கலாம்" என்றார் ஆலோசகர். அதைப் பிடிக்கத்தான் ஐந்தாறு தடவை போய்வந்தேன். நெஞ்சு படபடக்கத் தொடங்கினால் வாசலுக்குப் போய்விட வேண்டும், போகும்போது சும்மா போகாமல் "இப்ப என்னால பேச முடியல, பத்து நிமிஷத்துல வர்றேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி திரும்பி வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. முதல் தடவை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது.

மகனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஒரு நாள் அவனைப் படகுக்குக் கூட்டிப்போய், வலைமேல் உட்காரவைத்து, பிடிபட்ட ராத்திரியைச் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னேன். அந்தச் சொல்லை என் அப்பாவிடமிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "என் டார்ச்ச கப்பல் லைட்டுன்னு நெனச்சிட்டீங்களாப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இப்போது கரண்ட் போனால் "அப்பா, டார்ச் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடிக்கிறான்.

எனக்குக் கிடைத்த அந்த உதவி நம் ஆட்களுக்கும் கிடைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த அறையைக் கேட்கிறேன்.

ஏன் ராமநாதபுரம் போகக் கூடாது என்று கேட்பீர்கள். போனால் ஒரு நாள் போய்விடும். நாம் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர்கள், மறுநாள் காலையில் கரைக்கு வந்து மீன் இறக்கிவிட்டுப் பிணம் மாதிரித் தூங்குகிறவர்கள். வியாழன் வந்து இறங்கினால் சனிக்கிழமை வரை ஒரு மூச்சு இருக்கிறது. அதில் வெள்ளிக்கிழமை, ஐஸும் டீசலும் ஏற்றி முடித்த பிறகு, ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை. நாள் பார்த்துத்தான் கேட்டேன். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். நல்ல விஷயம்தான், எல்லோரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடலில் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் இல்லை. வீட்டிலோ ஒரே அறை. மாமியார், பிள்ளைகள், டிவி. அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு ஆண் என்னவென்று பேசுவான்?

"நம்ம ஊர்ல யாருக்கு அப்படி இருக்கு?" என்று கூட்டம் கலையும்போது ஒரு மாமா கேட்டார். மாமா, போன வருஷம் கிழக்குத் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். அவன் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். அதற்கு முந்தின வாரம் டீக்கடையில் அவன் என்னிடம் "தூக்கமே இல்லண்ணே" என்று சொன்னான். நான் "கடன் யாருக்குத்தான் இல்ல" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்று மத்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. அதில் 1,22,724 பேர் ஆண்கள். பத்தில் ஏழு. நான்கில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள். வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மூடி மறைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. இதையாவது ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

படகுக்காக நாம் எத்தனை நாள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம். அக்கரையில் மக்கிக் கிடக்கிற ஒவ்வொரு படகின் நம்பரும் உங்களுக்கு மனப்பாடம். எந்த இஞ்சின், எத்தனை லட்சம், எந்த வருஷம் பிடித்தது, கேட்டால் சொல்லிவிடுவீர்கள். திரும்பி வந்த ஆட்களில் எத்தனை பேர் இப்போது தூங்குகிறார்கள் என்று கேட்டால் சங்கத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. மாலை போட்டதோடு சரி. பெண்கள் குழுக் கூட்டத்தில் வட்டிக் கணக்கோடு மனசில் இருப்பதையும் பேசிவிட்டு வருகிறார்கள். நமக்கு இருப்பது டீக்கடையும் பாரும். டீக்கடையில் அரசியல் பேசுகிறோம், பாரில் சண்டை போடுகிறோம். இரண்டு இடத்திலும் ஒருத்தன் "வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு" என்று சொல்ல முடியாது. சொன்னால் என்ன நடக்கும் என்பதை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், பெரியவர்கள் மன்னிக்கவும். கேட்க வந்தது ஒரு அறையைத்தான்.

ஊர்ப் பெயர் கெட்டுவிடும், பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று செயலாளர் வெளியே வந்து தனியாகச் சொன்னார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, எனக்கும் மகள் இருக்கிறாள். அதனால் "மனநலம்" என்று போர்டு வைக்க வேண்டாம். "மீனவர் நல ஆலோசனை" என்று வைக்கலாம், போர்டே இல்லாமலும் நடத்தலாம். பின்பக்க வாசல் இருக்கிறது. நாலு பேர் வந்தாலும் போதும். என் படகில் வருகிற இருவர் வருவதாக இப்போதே சொல்லியிருக்கிறார்கள். யாரென்று கேட்காதீர்கள். இனி அக்கரையிலிருந்து திரும்புகிற ஆட்களை, மாலை போட்ட வாரத்திலேயே ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைப்பதைச் சங்கம் வழக்கமாக்க வேண்டும்.

ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் நாம் எல்லோரும் வீட்டில் இருப்போம். வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் நம் பிள்ளைகள் அப்பாவைத் தொடர்ச்சியாகப் பார்க்கிறார்கள். கையில் காசு இல்லாத, குடியும் சண்டையும் கூடுகிற மாதங்களும் அவைதான். அதற்கு முன்பே இது தொடங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. ஆலோசகர் கேட்பது சங்கத்தின் லெட்டர்பேடில் தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம். பணம் எதுவும் கேட்கவில்லை.

தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். எதிர்ப்பு இருந்தால் கையைத் தூக்கி எதிர்க்கட்டும், நான் எழுந்து பதில் சொல்கிறேன். அறைக்குள் கிடக்கிற பழைய வலைகளையும் ஐஸ் பெட்டிகளையும் நானும் என் மகனும் வந்து ஒதுக்கி, கூட்டிப் பெருக்கி வைக்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்து உறுப்பினன்,
விசைப்படகு டிரைவர்