கார்ட்டர் எழுதிக் கொடுத்த பத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலையின் 250-ஆவது ஆண்டையொட்டி வந்த கட்டுரையில், அடிமைகளை விடுவிக்க ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் உயில் எழுதியதைப் பாராட்டியிருந்தீர்கள். அதற்கு 8 ஆண்டுகள் முன்பே, அவர் பிறந்த அதே வர்ஜீனியா மாநிலத்து வெஸ்ட்மோர்லாந்து கவுண்டியில் (மாவட்டம் போன்றது) தன் அடிமைகளை விடுவிக்கப் பத்திரம் எழுதி, இதைவிடப் பெரிய காரியம் செய்த நிலக்கிழார் மூன்றாம் ராபர்ட் கார்ட்டரின் பெயர் விட்டுப்போனது எனக்கு வருத்தம்.

இவருடைய தாத்தாவை வர்ஜீனியாவே 'கிங் கார்ட்டர்' என்றுதான் சொன்னது. இங்கிலாந்துப் பிரபு குடும்பம் ஒன்றின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்துகொண்டே தன் குடும்பத்துக்கும் நிலம் சேர்த்தவர். 1732-இல் இறந்தபோது சுமார் 3 லட்சம் ஏக்கரும் நூற்றுக்கணக்கான அடிமைகளும் இருந்தார்கள். அதே ஆண்டு அப்பாவையும் இழந்த சின்னப் பேரனுக்கு, நோமினி ஹால் பண்ணையோடு மனிதர்களும் பரம்பரைச் சொத்தாக வந்துசேர்ந்தார்கள்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொத்து விவரம் என்றால் சர்வே எண், நான்கெல்லை, விஸ்தீரணம் என்றே பார்த்துப் பழகிவிட்டேன். 1791-இல் கார்ட்டர் நீதிமன்றத்தில் கொடுத்த பத்திரத்திலோ மனிதர்களின் பெயரும் வயதும் வரிசையாக இருக்கின்றன. 450 பேருக்கு மேல்! ஆண்டுக்கு 15 பேராகப் பெரியவர்களுக்கு விடுதலை. பிள்ளைகளில் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயதானதும் விடுதலை. இப்படிப் பத்திரம் எழுதி விடுவிக்க வர்ஜீனியாவின் 1782-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா நிலக்கிழார்களுக்கும் வழி கொடுத்திருந்தது. இந்த அளவுக்கு அதைப் பயன்படுத்தியவர் இவர்தான்.

நாற்பது ஆண்டுகள் அவர்கள் உழைப்பில் வாழ்ந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாஷிங்டனின் உயில் விடுதலையை அவர் மனைவியின் காலத்துக்குப் பிறகு என்று தள்ளிவைத்தது. கார்ட்டரோ உயிரோடு இருக்கும்போதே, தன் பிள்ளைகளுக்குப் போகவேண்டிய சொத்திலிருந்து விடுவித்தார். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை, அக்கம்பக்கத்து நிலக்கிழார்களும் எதிர்த்தார்கள். 1793-இல் பால்டிமோருக்குக் குடிபோனார். அப்புறம் 1797-இல் பெஞ்சமின் டாசன் என்ற பாப்டிஸ்ட் கிறிஸ்தவப் போதகரிடம் அடிமைகளை விடுவிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 1804-இல் கார்ட்டர் இறந்த பிறகும் டாசன் அந்த வேலையை விடவில்லை.

விடுதலை பெற்றவர்களின் வாரிசுகள் இன்று தங்கள் முன்னோரைத் தேடுவது அந்தப் பெயர்ப் பட்டியலில்தான். அடுத்த கட்டுரையில் கார்ட்டர் குடும்பத்தின் கதையோடு, அந்தப் பட்டியலில் இருந்தவர்களின் குடும்பங்களைப் பற்றியும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத் துறை ஊழியர்,
கும்பகோணம்.