கர்ப்பப் பதிவு நாளிலேயே மதுவைப் பற்றிக் கேளுங்கள்: பொது சுகாதாரத் துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தாய் கர்ப்பத்தில் குடித்த மதுவால் கருவிலேயே மூளை பாதிக்கப்பட்ட (கரு மது பாதிப்பு, FASD) குழந்தைகளுக்கு முகத்தில் மூன்று அடையாளங்கள் தெரியலாம்: குறுகிய கண் திறப்பு, மூக்குக்குக் கீழுள்ள பள்ளம் மழுங்கியிருப்பது, மெலிந்த மேலுதடு. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை இருப்பதில்லை. அப்போது பாதிப்பை உறுதிசெய்ய, கனடாவின் 2016 வழிகாட்டுதல்படி, மூளைச் செயல்பாட்டின் பத்துத் துறைகளில் மூன்றிலாவது கடுமையான குறைபாடு இருக்க வேண்டும். தாய் கர்ப்பத்தில் மது அருந்தியதும் உறுதியாக வேண்டும். ஏழு வயதில் ‘ஒரு இடத்தில் உட்காரமாட்டான், கணக்கு வரலை’ என்று பிள்ளையை அழைத்துவரும்போது அந்தத் தகவலை எங்கே தேடுவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பம் பதியும் அன்றே வாங்கியிருக்க வேண்டும்.

‘குடிப்பீங்களாம்மா?’ என்றால் ‘ஐயோ, இல்லைங்க’ என்றுதான் வரும். கணவரையும் மாமியாரையும் வெளியே உட்காரவைத்துவிட்டு, ‘நாள் தள்ளினது தெரியறதுக்கு முன்னாடி கடைசியா எப்போ, எவ்வளவு?’ என்று கிராம சுகாதார செவிலியர் கேட்கட்டும். மது முக அமைப்பைப் பாதிக்கக்கூடிய, கருத்தரித்த மூன்றாவது வாரத்தில் பலருக்குக் கர்ப்பமே தெரியாது. குடிப்பழக்கத்தை மதிப்பெண் போட்டு அறியும் ஆடிட்-சி (AUDIT-C) கேள்விகள் மூன்று போதும். 12க்கு 3 வந்தாலே கவனிக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பாட்டில் கணக்கில் கேளுங்கள். 10 கிராம் ஆல்கஹால் ஒரு அலகு என்றால், 42.8 சதவீத பிராந்தி ஒரு குவாட்டர், அதாவது 180 மி.லி., ஆறு அலகு. ‘ஒரே ஒரு குவாட்டர்’ என்பது சின்ன அளவல்ல.

பதிலைத் தாய் சேய் நல அட்டையில் எழுத வேண்டாம். அதை வீடே படிக்கும். நிலையப் பதிவேட்டில் இருக்கட்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இதற்கும் தொடர்பில்லை என எழுத்தில் உத்தரவு வேண்டும். இல்லாவிட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

தினமும் அதிகம் குடிப்பவரிடம் ‘இன்னைக்கே நிறுத்து’ என்று சொல்லி அனுப்புவது ஆபத்து: வலிப்பு வரலாம். உள்நோயாளியாகச் சேர்த்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, கண்காணிப்பில் குடியை நிறுத்த வேண்டும். குடியை விட வைக்கத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரை கர்ப்பத்தில் கூடாது.

குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமான ராஷ்டிரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் பட்டியலில் இந்தப் பாதிப்பின் பெயர் இல்லை. அந்தத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவுக்குத் தாயின் பதிவேட்டு விவரம் ரகசியமாகக் கிடைத்தாலே, வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குச் சரியான சந்தேகத்தோடு அனுப்பலாம். குழுவிடம் தலைச்சுற்றளவு டேப்பும், கண் திறப்பை அளக்க மில்லிமீட்டர் குறித்த, ஊடே தெரியும் ஸ்கேலும் இருக்கட்டும். உதட்டைப் பார்க்கும்போது குழந்தை சிரிக்கக் கூடாது; சிரித்தால் உதடு மெலியும், பள்ளமும் மறையும். ஒப்பிடும் உதட்டுப் பட அட்டைகள் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கருக்கும் வகுத்தவை. நம் குழந்தைகளின் அளவுகளைத் திரட்டும்வரை முகத்தை மட்டும் வைத்து முடிவெழுத வேண்டாமென மருத்துவ அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தாய் சேய் நலப் பணியாளர்கள்