மூன்று இரவும் கூட நின்றவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

திருச்சூரில் நாங்கள் ஏற்பாடு செய்த, கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம் மூன்று நாளும் நல்லபடியாக முடிந்தது. ஆடியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி அங்கேயே நன்றி சொல்லிவிட்டோம். மேடைக்கு அழைக்கப்படாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், கூடியாட்டத்துக்கு வாசிக்கும் குட முழவான மிழாவு கொண்டுவந்த ஐயாவுக்கு. இரண்டாம் நாள் விடாத மழை. செம்புக் குடத்தின் வாயில் கட்டியிருந்த தோல் ஈரத்தில் தொய்ந்து, தட்டினால் சத்தமே எழவில்லை. உங்களுக்குப் போன் செய்தோம். புதுத்தோல் கட்டிய உங்கள் மிழாவைத் தார்ப்பாயில் சுற்றி, ஆட்டோவில் இரு கையாலும் அணைத்தபடி வந்து இறங்கினீர்கள். மிழாவுக்கு உபநயனம் செய்து பிரம்மச்சாரியாகவே மதிக்கிற மரபு இது என்று படித்திருக்கிறேன். நீங்கள் அதை இறக்கி வைத்த பதனத்தில் அதை நேரில் பார்த்தேன். வாடகைகூட வாங்கவில்லை நீங்கள்.

அன்று இரவு தோரணயுத்தம் என்ற இராமாயண நாடகப் பகுதி. அதில் இராவணன் கைலாயத்தைப் பெயர்க்கும் இடம். பீடத்தில் அமர்ந்தபடி, இராவணனாக ஆடிய ஆசான் பார்வையை அடிவாரத்திலிருந்து மெல்ல மெல்ல உயர்த்தினார். அந்தக் கண் போன இடமெல்லாம் உங்கள் மிழாவும் போனது. என் பக்கத்தில் இருந்த சிறுவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

மேடையின் முன்னால் எரியும் நிலவிளக்கைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு: இரண்டு திரி நடிகரைப் பார்க்க, ஒன்று நம்மைப் பார்க்க, மூன்று இரவும் எண்ணெய் குறையவில்லை. நிழல் விழாமல் குனிந்து வந்து திரி தூண்டினீர்களே, அதை மறக்க மாட்டோம்.

குழித்தாளம் என்ற கைத்தாளம் தட்டிச் சுலோகம் பாடிய மாணவி, இதைப் பரம்பரையாகச் செய்துவரும் நங்கியார் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. 1965இல் கேரளக் கலாமண்டலம் என்ற கலைப் பள்ளியில் கூடியாட்ட ஆசான் பைங்குளம் ராம சாக்கியார் மற்றக் குலத்துப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதால் திறந்த கதவு அது. அந்த மாணவியைத் தினமும் கூட்டி வந்து, நள்ளிரவு வரை காத்திருந்த அப்பாவுக்கும் நன்றி.

அப்புறம், எங்கள் தமிழாசிரியர். சமஸ்கிருதம் புரியாதே என்று தயங்கிய நம் குடும்பங்களிடம், சேரன் செங்குட்டுவன் முன்னால் கூத்தச் சாக்கையன் என்ற கூத்தர் ஆடியதைச் சிலப்பதிகாரத்திலிருந்து படித்துக் காட்டினார். நம் இளங்கோ சொன்ன ஆட்டமா என்று கேட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஐயா, மிழாவு நாளைக் காலை வந்துவிடும். தார்ப்பாயையும் நன்றாகக் காயவைத்துவிட்டோம்.

அன்புடன்,
விழாக் குழுவினர்