வலிக்குச் சுபாவத்தைக் காரணம் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றிவரும் என் அக்காவுக்கு இடுப்பிலும் கழுத்திலும் வலி தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்தே இருந்த உடம்பு அது. சென்ற மாதம் அவருடைய படங்களைப் பார்த்த மருத்துவர் ஒருவர், எலும்பில் பெரிதாக ஒன்றுமில்லை என்றும், எதற்கெடுத்தாலும் பயப்படுவது இந்த அம்மாவின் சுபாவம் என்றும், அது பரம்பரையாக வருவது என்றும் எங்களிடம் கூறினார். அன்று முதல் அக்கா வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்வதையே விட்டுவிட்டார். உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, பிழை எங்கே என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. எளிதில் கலங்குவது போன்ற ஆளுமைப் பண்புகளில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு மரபு சார்ந்தது என்று இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. 2019-இல், பிரிட்டனில் மக்களின் உடல்நல, மரபணுத் தரவுகளைத் திரட்டி வைத்திருக்கும் யு.கே. பயோபேங்கில் உள்ள சுமார் 3.8 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளைக் கொண்டு வெளிவந்த ஆய்வு, உடலின் பல இடங்களில் நீடிக்கும் வலிக்கும் கலங்கும் இயல்புக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவான மரபுக்கூறுகள் இருப்பதைக் கண்டது. அதே ஆய்வு, நீடித்த வலியே மனச்சோர்வுக்குக் காரணமாக அமையக்கூடும் என்பதற்கும் சான்று காட்டியது. முதல் முடிவைச் சொல்பவர்கள் இரண்டாவதையும் சொல்ல வேண்டும்.

விழுக்காட்டுக் கணக்கும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. அது ஒரு மக்கள் கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடுகளை அளப்பது. என் அக்காவின் பயத்தில் பாதி எங்கள் தாயார் கொடுத்தது என்று அதற்குப் பொருள் இல்லை. அட்ரினலின், டோபமின் ஆகிய உடல் வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியை உருவாக்கும் 'காம்ட்' மரபணு ஒன்றே வலி தாங்கும் திறனையும் பதற்றத்தையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பியவர்கள் உண்டு. பெருந்திரளான மக்களை ஆராய்ந்தபோது தெரியவந்ததோ, மிகச் சிறிய பங்குடைய எண்ணற்ற மரபுக்கூறுகள் சேர்ந்தே இதில் செயல்படுகின்றன என்பதுதான். அப்படியிருக்க, ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தே பரம்பரை என்று எப்படித் தீர்ப்பளிக்க முடியும்?

1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கார் விபத்தில் கழுத்து அதிர்ந்து வலி நிலைத்துப்போனவர்களுக்கு, வலியைக் கடத்தும் நரம்பைச் சுட்டுச் சிகிச்சை அளித்தார்கள். வலி முழுதும் நீங்கியவர்களிடம் மனக்கலக்கமும் நீங்கியது. வலி நீங்காதவர்களிடம் அது அப்படியே இருந்தது. சுபாவம் என்று நாம் பெயரிடுவதில் ஒரு பகுதியாவது வலி உண்டாக்கியதாக இருக்கலாம் என்பதை மருத்துவர்கள் மனத்தில் கொள்ள வேண்டாமா?

நம் வேலூருக்கு இது புதிய பாடமும் அன்று. 1946-இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்துபோவதற்கு வலி உணர்ச்சி அற்றுப்போனதால் அவர்கள் அறியாமல் படும் காயங்களே காரணம் என்று எடுத்துக்காட்டினார். அதற்கு முன் பாவம் என்றும் சாபம் என்றும் பழி விழுந்தது நோயாளியின் மேல்தான்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி வகைப்பாடே தரும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் மருத்துவர்கள், பீடி சுற்றுவோரும் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரும் இத்தகைய வலியோடு வரும்போது, அதற்குரிய பெயரைச் சீட்டில் எழுதி, வலிக்கும் மனத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். என் அக்காவின் சீட்டில் இன்றுவரை 'பதற்றம்' என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.