ரஜூலா கப்பலின் நினைவுகளைத் திரட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் புறப்பட்டபோது, இங்குள்ள முதியவர்கள் பலருக்கு 'ரஜூலா' நினைவுக்கு வந்தது. 1926இல் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல், சென்னை, நாகை, பினாங்கு துறைகளைத் தொட்டுச் சிங்கப்பூருக்கு 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் ஆழ்துறைமுகம் இல்லாததால் கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகில் சென்றே ஏற வேண்டியிருந்தது. 1964இல், சிறுமியாக, அம்மாவின் முந்தானையைப் பற்றியபடி நானும் அவ்வாறே ஏறினேன். ஆடும் படகிலிருந்து ஏணிக்குக் காலெடுத்து வைத்த அச்சம் இன்றும் நீங்கவில்லை. தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, திருவாரூர், மன்னார்குடி, கூத்தாநல்லூர்க் குடும்பங்கள் ஒரே தெருவினரைப் போலப் பழகின. முதலிரண்டு நாள்கள் தலைசுற்றலும் வாந்தியும்தான். கஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயும் தவிர எதுவும் இறங்கவில்லை. பினாங்கில் பக்கத்துப் பாய்க்காரர்கள் இறங்கியபோது, உடன்பிறந்தாரைப் பிரிவதுபோல அம்மா அழுதார்.

அப்பயணம் செய்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களின் குரல்களைப் பதிவுசெய்து, பயணச்சீட்டுகளையும் கடிதங்களையும் திரட்டி, நாகையிலேயே நிலையான காட்சிக்கூடம் ஒன்றை அமைக்க அரசு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகப்பட்டினம்.