பீடோங் தீவுக்குப் போகவிருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

ஏப்ரல் 30 அன்று மெல்பர்னில் நீ பார்த்த வியட்நாமியர்களின் கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாய். மஞ்சள் துணியில் மூன்று சிவப்புக் கோடுகள் போட்ட தென் வியட்நாம் கொடிகள், பழைய ராணுவச் சீருடை அணிந்து நிற்கவே சிரமப்பட்ட முதியவர்கள், ஒலிபெருக்கியில் பேசப் பேசக் குரல் உடைந்துபோன ஒரு பெண்மணி. "ஐம்பது வருடம் ஆகிவிட்டது. அந்த நாடே இப்போது இல்லை. இன்னும் எதற்கு அத்தை இந்தக் கொடி?" என்று கேட்டிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில், விடுமுறைக்கு வரும்போது நண்பர்களோடு பீடோங் தீவில் கடலடி நீச்சலுக்குப் போவதாகவும் எழுதியிருந்தாய். இந்த இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது: 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிச வட வியட்நாமிடம் வீழ்ந்த பிறகு, படகேறித் தப்பியவர்கள் கரை சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் பீடோங். உன்னைப் போலவே அது தெரியாமல் பலர் அங்கே போய் வருகிறார்கள் என்பதால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

மலேசியாவின் திரங்கானு மாநிலக் கடலோரத்தில் இருக்கும் அந்தத் தீவின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர். 1978 ஆகஸ்ட்டில் அதை அகதி முகாமாகத் திறந்தார்கள். அடுத்த வருடம் ஜூன் மாதத்துக்குள் 40,000 பேர் அங்கே அடைந்து கிடந்தார்கள். உடைந்த படகுகளின் பலகை, தகரம், அரிசிச் சாக்கு, பிளாஸ்டிக் தாள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து இரண்டு, மூன்று அடுக்குக் குடிசைகள் கட்டிக்கொண்டார்கள். அரிசியும் டின் மீனும் தண்ணீரும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். குன்றின் மேல் மாதா கோயிலும் புத்தர் கோயிலும் எழும்பின. வேறு நாடு ஏற்றுக்கொண்டவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். பெயர் வந்தவர் படகுத்துறைக்கு நடப்பார், வராதவர் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பார். 1991 அக்டோபரில் முகாமை மூடும்வரை அந்தத் தீவு வழியாகப் போனவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். கரை சேர்ந்தவர்களின் கணக்கு இது. கடலில் போனவர்களுக்குக் கணக்கே கிடையாது. புயல், தாகம், தாய்லாந்து வளைகுடாவின் கொள்ளையர் என்று வழியில் மாண்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம் என்பது மதிப்பீடு மட்டுமே.

நம் நாடு அவர்களை எப்படி நடத்தியது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. 1978 நவம்பரில் ஹாய் ஹோங் என்ற பழைய சரக்குக் கப்பல் 2,500 பேரோடு கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. இறங்க அரசு அனுமதிக்கவில்லை. உன் தாத்தா அப்போது துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்தக் கப்பலைத் தவிர வேறு பேச்சே இருக்காது. கனடா, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகள் அவர்களை ஏற்றுக்கொள்ள முன்வந்த பிறகுதான் அந்தக் கதை ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த வருடம், வரும் படகுகளைச் சுடச் சட்டம் கொண்டுவருவோம் என்று அன்றைய துணைப் பிரதமர் மகாதீர் சொன்னதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. அரசு பிறகு அதை மறுத்தது. ஆனால் படகுகளை மீண்டும் கடலுக்கே இழுத்துக்கொண்டுபோய் விட்டது உண்மை. செஞ்சிலுவைச் சங்கத்தின் சகோதர அமைப்பான செம்பிறைச் சங்கத்தின் தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தத் தீவில் உழைத்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் சுமக்க வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2005ஆம் ஆண்டு, சைகோன் வீழ்ந்து முப்பது வருடம் ஆனபோது, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா, ஐரோப்பா என்று பல இடங்களிலிருந்தும் பழைய அகதிகள் கிளம்பி வந்தார்கள். பீடோங்கிலும் இந்தோனேசியாவின் காலாங் தீவிலும் ஒவ்வொரு நினைவுத் தகடு வைத்தார்கள். ஒரு பக்கத்தில், சுதந்திரத்தைத் தேடி வரும் வழியில் பசியாலும் தாகத்தாலும் வன்கொடுமையாலும் மாண்டவர்களுக்கு அஞ்சலி. மறுபக்கத்தில், ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கும் செம்பிறைச் சங்கத்துக்கும் முதலில் தஞ்சம் தந்த நாட்டுக்கும் நன்றி. பீடோங்கில் இருந்த தகடு மலேசியாவுக்கு நன்றி சொன்னது, மருமகனே. வியட்நாம் அரசு ஆட்சேபம் தெரிவித்தது. காலாங்கில் இருந்ததை இந்தோனேசியா அகற்றியது. அதே வருடம் பீடோங்கில் இருந்ததும் அகற்றப்பட்டது. நமக்கு நன்றி சொல்லிக் கல்லில் பதித்துவிட்டுப் போனவர்களின் தகட்டை நாமே பெயர்த்தெடுத்தோம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

அவர்கள் தங்கள் சொந்த நாட்டிலேயே போய் அழுதுகொள்ளலாமே என்று நீ கேட்கலாம். அங்கே ஏப்ரல் 30 வெற்றி விழா, அரசு விடுமுறை. தோற்ற பக்கத்தில் இறந்தவர்களுக்கு அந்த நாளில் இடமில்லை. சைகோனுக்கு அருகே பியன் ஹோவாவில் தென் வியட்நாம் ராணுவத்தின் பெரிய மயானம் இருந்தது. அதன் வாசலில் துப்பாக்கியை மடியில் வைத்துத் துக்கத்தோடு அமர்ந்திருந்த வீரனின் சிலையை 1975க்குப் பிறகு இடித்துத் தள்ளினார்கள். கல்லறைகள் புதர் மண்டிக் கிடந்தன. 2006 வரை அந்த இடம் ராணுவத்தின் பிடியில் இருந்தது. குடும்பத்தார் போய் ஓர் ஊதுபத்தி ஏற்றுவதே பெரும்பாடு. கடலில் போனவர்களுக்கோ அந்தப் புதர்க் கல்லறைகூட இல்லை. அதனால் மெல்பர்ன் வீதியிலோ கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரிலோ ஓட்டாவாவிலோதான் அவர்கள் கூடி அழ முடிகிறது. நீ பார்த்த கொடியை ஓர் அரசாங்கத்தின் சின்னமாக மட்டும் பார்க்காதே. அந்த முதியவர்களில் பலருக்கு அது இறந்துபோன தம்பியின் உடலில் போர்த்த முடியாமல் போன துணி.

அழுவதோடு அவர்கள் நின்றுவிடவும் இல்லை. கூக் மின் தோ என்ற பெண்மணியைப் பற்றி நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1975இல் சைகோன் வீழ்ந்தபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். கணவர் 'மறுகல்வி முகாம்' என்று பெயர் சூட்டப்பட்ட சிறையில் அடைபட்டார். இரண்டு வருடம் கழித்து, அமெரிக்காவில், தன்னைப் போன்ற மனைவிகளைக் கூட்டிக்கொண்டு அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். பணமும் கிடையாது, செல்வாக்கும் கிடையாது. வீட்டு மேசையில் உட்கார்ந்து பெயர்களைச் சேகரித்தார்கள். யார், எந்தப் பதவி, எந்த முகாம், எத்தனை வருடம், வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கைதிக்கும் ஒரு கோப்பு. அந்தக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வெளியுறவுத் துறையின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். அங்கே ராபர்ட் ஃபன்செத் என்ற அதிகாரி காதுகொடுத்துக் கேட்டார். 1989 ஜூலை 30 அன்று வியட்நாம் தலைநகர் ஹனோயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று வருடமும் அதற்கு மேலும் சிறையிருந்தவர்கள் குடும்பத்தோடு அமெரிக்கா போகலாம் என்று வழி பிறந்தது. அப்படிப் போனவர்களை, அந்தத் திட்டத்தின் பெயர்ச் சுருக்கத்தால், அந்தச் சமூகத்தில் இன்றும் 'எச்.ஓ.' குடும்பங்கள் என்றுதான் சொல்கிறார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு மனைவி தன் கணவனை மறக்க மறுத்ததில் தொடங்கியது அத்தனையும்.

தகடு பெயர்க்கப்பட்ட அதே 2005இல் இன்னொன்றும் நடந்தது. முகாம்களெல்லாம் மூடப்பட்ட பிறகும் பிலிப்பைன்ஸில் சுமார் இரண்டாயிரம் வியட்நாமியர்கள் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் பதினாறு வருடமாகச் சிக்கிக் கிடந்தார்கள். நீ இருக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து போன சின்ன வயது வழக்கறிஞர் ஒருவர், திரின் ஹோய், அவர்களோடேயே இருந்து, கதவு கதவாக ஏறி இறங்கினார். புலம்பெயர்ந்த சமூகம் பணமும் மனுக்களுமாகப் பின்னால் நின்றது. கடைசியில் அவர்களில் பெரும்பாலோரை ஏற்றுக்கொள்ள அமெரிக்கா சம்மதித்தது. நினைவு கூட்டங்களில் கூடிக் கூடிப் பழகிய ஒரு சமூகமாக இல்லாவிட்டால் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒரு தகட்டை ஒரு தூதரகக் கடிதம் எடுத்துவிடும் என்பதை அவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். எனவே தாங்கள் வாக்களிக்கும் நாடுகளின் சட்டத்திலேயே நினைவை எழுதிவிடப் பார்க்கிறார்கள். கனடாவில் 'தான் ஹாய் ங்கோ' என்ற செனட்டர் கொண்டுவந்த மசோதா, ஹனோயின் எதிர்ப்பையும் மீறி 2015 ஏப்ரலில் சட்டமானது. ஏப்ரல் 30 அங்கே 'சுதந்திரத்துக்கான பயண நாள்'. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில், நடுக்கடலில் தங்களைத் தூக்கிய கேப் அனாமூர் கப்பலுக்கு 2009இல் நன்றிக் கல் நட்டார்கள். அந்தக் கல்லை யாரும் அகற்றவில்லை.

இந்தச் சமூகத்தைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் உனக்கு நான் நேர்மையாக நடந்துகொண்டவள் ஆகமாட்டேன். 1981 முதல் 1990 வரை அமெரிக்காவில் ஐந்து வியட்நாமியப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிலர் தங்கள் சமூகத்தின் கம்யூனிச எதிர்ப்புக் குழுக்களைக் கேள்வி கேட்டவர்கள், சிலர் ஹனோய்க்கு ஆதரவாக எழுதியவர்கள். ஒரு கொலைக்கும் இன்றுவரை முழுமையான நீதி கிடைக்கவில்லை. 1999இல் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வீடியோக் கடைக்காரர் வட வியட்நாமின் கம்யூனிசத் தலைவர் ஹோ சி மின் படத்தை மாட்டியதற்காக ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் கடை வாசலில் திரண்டார்கள். அவர்கள் காயம் எனக்குப் புரிகிறது. அமெரிக்கச் சட்டம் அந்தக் கடைக்காரருக்குத் தந்த பேச்சுரிமையைத்தான் ஹனோய் தங்களுக்குத் தரவில்லை என்று அவர்கள் ஓடி வந்தார்கள் என்பதும் புரிகிறது. எதிர்ப்பு தெரிவிப்பது ஒன்று, மிரட்டுவதும் கொல்லுவதும் வேறு. 'நீ எந்தப் பக்கம்' என்று சந்தேகப்பட்டுச் சொந்த மக்களின் வாயையே அடைக்கும் நினைவு, இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்தச் சமூகத்தின் இளையவர்களே இன்று இதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதற்காக ஏப்ரல் 30 கூட்டமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கல்லறை இல்லாதவர்களுக்காக வருடத்தில் ஒரு நாள் கூடுவதை எந்தத் தவறும் செல்லாததாக்கிவிடாது.

அந்தத் தகடு திரும்ப வர வேண்டும் என்பது என் கோரிக்கை. அது வியட்நாமியர்களுக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா இன்னும் கையெழுத்திடவில்லை. 2020இல் ரோஹிங்கியாக்களின் படகைத் திருப்பி அனுப்பியபோது, நம் கடலில் இது முதல் தடவை நடப்பதுபோலப் பலர் பேசினார்கள். பீடோங் தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

தீவுக்குப் போனால் நேராகத் தண்ணீரில் இறங்காதே. முதலில் குன்றின் மேல் ஏறு. அங்கே கல்லறைகள் இருக்கின்றன. சிலவற்றை இன்றும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் வந்து சுத்தம் செய்கிறார்கள். தகடு இருந்த இடத்தையும் சுற்றியுள்ள மற்ற நினைவுச் சின்னங்களையும் தேதி தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்பு. திரங்கானு மாநில அரசுக்கும் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அதோடு அவற்றை இணைக்க வேண்டும். மனுவின் மலாய் வரைவை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். அன்று கூட்டத்தில் நீ பேசிய அந்தப் பெரியவரைத் திரும்பப் பார்த்தால், தகட்டில் இருந்த வாசகத்தின் முழுப் படியும் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துச் சொல். ஊருக்கு வருவதற்கு முன்பே மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. உன் நண்பர்களையும் போடச் சொல்.

அன்புடன்,
அத்தை
கிள்ளான்