செயின் கிட் வாங்குமுன் இதைப் படி

அன்புள்ள செல்வம்,

ஆறு மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, கணக்கு நேர். இங்கே எல்லோரும் சுகம். முத்து அண்ணன் இன்னும் அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரைத்தான் தேடுகிறார்.

சரி, வண்டிக்கு வருகிறேன். 1987 டொயோட்டா பிக்கப், 22ஆர்இ இன்ஜின், காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் முன்னால் இரண்டு நொடி கடகட சத்தம், அதற்கு ‘டபுள் செயின் கிட் பார்த்து வைத்திருக்கிறேன்’ என்கிறாய். கீழே கிராங்க் தண்டு சுற்றுவதை மேலே வால்வு திறக்கும் கேம் தண்டுக்குக் கொண்டுபோகும் டைமிங் செயினைத்தான் சொல்கிறாய். பணத்தைப் பையில் வை. எப்போதும் கனமான சாமானைப் பார்த்தால் விழுந்துவிடுவாய் நீ.

குற்றவாளி செயின் இல்லை, அது அலையாமல் ஓரத்தில் தாங்கும் பட்டையான கைடு. ஆரம்ப 22ஆரில் இரட்டை வரிசைச் செயின் இருந்தது. பிறகு ஒற்றை வரிசை வந்தது, கூடவே பிளாஸ்டிக் கைடும் வந்தது. உன் ஊரில் டிரைவர் பக்கம், அதாவது வண்டியின் இடப்பக்கம், இருக்கும் கைடுதான் முதலில் போகும். கிராங்க் செயினை இழுக்கும் பக்கம் அது. சூட்டிலேயே கிடந்து பிளாஸ்டிக் மொறுமொறுத்துப்போய், ஒருநாள் உடைந்து அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சேம்பருக்குள் விழும். அப்புறம் செயின் தளர்ந்து, அதை மூடியிருக்கும் அலுமினியக் கவரை அறுக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் ஓடுவது கூலண்ட். ஓட்டை விழுந்தால் ஆயில் மோர் நிறத்துக்கு வரும், பேரிங் போகும். இரண்டாயிரம் கண்ணி போட்டாலும் கைடு பிளாஸ்டிக் என்றால் இதே கதிதான்.

ஆகவே, இரும்புத் தகடு வைத்த டிரைவர் பக்கக் கைடு உள்ள கிட்டாக வாங்கு. எதிர்ப்பக்கம் செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனர் அழுத்தும் வளைந்த கைடு பெரும்பாலும் பிளாஸ்டிக்காகவே வரும், பரவாயில்லை. செயின், டென்ஷனர், இரண்டு ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்) எல்லாம் ஒன்றாக மாற்று. தேய்ந்த பல்லில் புதுச் செயின் ஓட்டினால் அதுவும் சீக்கிரம் நீளும். செயினும் டென்ஷனரும் மட்டுமாவது டொயோட்டா ஒரிஜினலாக இருக்கட்டும். கிராங்க் ஆயில் சீல், ஆயில் பம்ப் ரப்பர் வளையம், சேம்பர் சீலுக்குச் சிலிக்கோன் பேஸ்ட் எல்லாம் கையில் இருக்கவேண்டும். வாட்டர் பம்ப் கவரிலேயே உட்கார்ந்திருக்கிறது. பழசானால் இப்போதே மாற்றிவிடு.

செயின் கவரை இறக்கியதும் உள்பக்கம் நகத்தை ஓட்டிப் பார். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் புதுக் கவர்தான். வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு வந்துவிடு.

கழற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் முன்முனையில், கேம் ஸ்ப்ராக்கெட்டுக்கு முன்னால், எப்போதும் ஆயில் குளம்போல் தேங்கி நிற்கும். அதற்குள் ஒரு போல்ட் ஒளிந்திருக்கிறது, தலை 12 மி.மீ. கவரை ஹெட்டோடு பிடிப்பது அதுதான். துணியால் ஒற்றியெடுத்துத் தேடு. அதை மறந்து நெம்பினால் கவர் விரிசல் விடும். ஹெட் கேஸ்கெட்டின் முன்விளிம்பும் கவரில் ஒட்டியிருக்கும். மெல்லிய பிளேடால் பதமாக விடுவி. கிழிந்தால் ஹெட்டையே தூக்கவேண்டி வரும். கூலண்டை ரேடியேட்டரில் மட்டுமல்ல, இன்ஜின் பிளாக்கில் இருக்கும் வடிகால் பிளக்கிலும் வடித்துவிடு. இல்லாவிட்டால் கவர் வரும்போது மிச்சமெல்லாம் சேம்பருக்குள் போகும். சேம்பரைக் கட்டாயம் இறக்கு. உடைந்த பிளாஸ்டிக் அங்கேதான் கிடக்கும், ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும்.

பூட்டும்போது ஒன்றாம் சிலிண்டர் மேல்நிலை, கேம் பின் நேர் மேலே. செயினின் பளபளக்கும் கண்ணிகளை ஸ்ப்ராக்கெட் மார்க்கில் வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. கண்ணிகள் மறுபடி மார்க்குக்கு வராது, பதறாதே. கேம் பின்னும் கிராங்க் புல்லி மார்க்கும் தம் இடத்துக்கு வந்தால் போதும். இறுக்கம் கேம் போல்ட்டுக்கு 58 அடி-பவுண்டு, கிராங்க் புல்லி போல்ட்டுக்கு 116. கைடு போல்ட்டுகளுக்கு லாக் பசை ஒரு சொட்டு.

டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் வால்வு இல்லாத மலிவு ஃபில்டர் போட்டால் காலைச் சத்தம் திரும்ப வரும். அப்போது என்னைத் திட்டாதே.

முதலில் ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரை மட்டும் கழற்றி, டார்ச் அடித்து டிரைவர் பக்கம் கீழே பார். கைடு இருக்கிறதா, இல்லையா என்று படம் எடுத்து அனுப்பு. அதுவரை சாவியை மனைவியிடம் கொடுத்துவிடு. உன்னை நம்பமுடியாது.

உன்,
ரவி